கோட்டைச் சுவரில் முட்டை கலந்தார்களா? உதயகிரியும் வட்டக்கோட்டையும் பார்த்துவிட்டு வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று விஷயம். நம் குமரி மாவட்டத்து உதயகிரிக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் பார்த்துவிட்டு வந்து, சிமெண்ட் இல்லாத காலத்தில் இவ்வளவு பெரிய சுவர்களை எதை வைத்துக் கட்டினார்கள் என்று கேட்டீர்கள். முட்டையும் கருப்பட்டியும் கலந்ததால்தான் இன்றுவரை நிற்கிறது என்று அங்கே ஒருவர் சொன்னாராம், அது உண்மையா என்று கேட்டீர்கள். கடைசியாக, மார்த்தாண்டம் பக்கம் உங்கள் தாத்தா வீட்டு வெட்டுக்கல் மதில் வயிறு தள்ளி நிற்கிறது, சிமெண்ட் பூசிவிட்டால் சரியாகுமா என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஏனென்றால் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் புரிந்தால், மூன்றாவதை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

நான் தக்கலைக்காரன். கட்டிட வேலையில்தான் வயது போனது, அதில் பாதி பழைய சுவர்களைப் பிரித்துக் கட்டும் வேலை. பிரித்துப் பார்த்தால்தான் ஒரு சுவர் எப்படி நின்றது என்று தெரியும், வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

முதலில் ஒன்று. அந்தக் காலத்தில் யாரும் உலகத்திலேயே சிறந்த கல் எது என்று தேடிப் போகவில்லை. மாட்டு வண்டி ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் என்ன கிடைக்கிறதோ அதுதான் கோட்டை. நம் எல்லைப் பகுதியில் இது கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், தக்கலை வரை கருங்கல். அப்படியே மேற்கேயும் வடக்கேயும் கேரளத்துக்குள் போகப் போக செம்பாறை, அதாவது நாம் வெட்டுக்கல் என்று சொல்வது. கண்ணூரில் 1505இல் போர்ச்சுகீசியர் தொடங்கிய கோட்டையும், காசர்கோடு பக்கத்துப் பேக்கல் கோட்டையும் வெட்டுக்கல்தான். பேக்கல் கிட்டத்தட்ட 40 ஏக்கர், கேரளத்திலேயே பெரிய கோட்டை. ஆனால் பாலக்காட்டுக்குப் போனால் மறுபடியும் கருங்கல், 1766இல் ஹைதர் அலி கட்டியது. கல்லை மட்டும் காட்டினால் போதும், எந்த ஊர்க் கோட்டை என்று கொஞ்சம் அனுபவம் உள்ள கொத்தனார் அனேகமாகச் சொல்லிவிடுவார்.

கருங்கல் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. குமரி மாவட்டத்தில் நிறைய இருப்பது சார்னோகைட், நைஸ் வகைகள். சார்னோகைட் என்ற பெயரே ஒரு கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கருங்கல்லைக் கொண்டு போயிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். இந்தக் கல்லை உடைக்க வெடி வேண்டியதில்லை. பாறையில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் சாண் இடைவெளியில் உளியால் குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தால் பாறை கோடு பிடித்துப் பிளக்கும். மயிலாடியில் சிலை செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கல்லுக்கும் ஓட்டம் உண்டு, அந்த ஓட்டத்தோடு போனால் பாதி வேலை என்பார்கள். அடுத்த முறை கோட்டைக்குப் போனால் கற்களின் ஓரத்தை உற்றுப் பாருங்கள், வரிசையாகப் பாதிக் குழிகள் தெரிந்தால் அது ஆப்பு வைத்த தடம்.

சரி, உதயகிரி. அங்கே முன்பு இருந்தது மண்கோட்டை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்ற பிறகு, அவர்களிடம் வேலை பார்த்த டிலனாய் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பக்கம் வந்தார். 1741க்கும் 1744க்கும் இடையில் அவருடைய மேற்பார்வையில் அந்த மண்கோட்டை கருங்கல் கோட்டையாக மாறியது. உள்ளே சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. அந்தக் கோட்டைக்குள்ளேயே டிலனாயின் கல்லறை இருக்கிறது, 1777இல் இறந்தார், கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். பத்மநாபபுரத்துக் கோட்டையும் இப்படித்தான், மண்ணிலிருந்து கல்லுக்கு வந்தது. அதனால் மண் என்பது ஏதோ ஏழையின் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். கல் பின்னால் வந்தது, மண்தான் முதல் கோட்டை.

கருங்கல் கோட்டைச் சுவர் என்றால் முழுக்கக் கல் என்று வெளியே நிற்பவர்கள் நினைப்பார்கள். தடித்த சுவர்கள் பொதுவாக அப்படி இல்லை. வெளிப் பக்கம் ஒரு கல் முகம், உள் பக்கம் ஒரு கல் முகம், நடுவில் உடைகல்லும் சல்லியும் மண்ணும் போட்டு இடித்து நிரப்பியிருப்பார்கள். இந்த இரண்டு முகமும் பிரிந்து போகாமல் இருக்க, அங்கங்கே நீளமான கல்லைக் குறுக்கே உள்ளே நீட்டி வைப்பார்கள். வெளி முகம் மேலே போகப் போகக் கொஞ்சம் உள்வாங்கிச் சாய்ந்திருக்கும். சுவரை நிற்க வைப்பது இந்த மூன்றும்தான்: நிரப்பு, குறுக்குக்கல், சாய்வு. சாந்து அதற்கெல்லாம் பிறகு.

வட்டக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றரை ஏக்கர்தான், உயரம் சுமார் 25 அடி. ஆனால் சுவரின் தடிமன் முன்பக்கம் சுமார் 29 அடி, மூலைகளில் 18, பின்பக்கம் வெறும் 6. ஒரே கல், ஒரே கொத்தனார் கூட்டம், ஒரே சாந்து. தடிமன் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? அடி எங்கே விழுமோ அங்கே தடிமன். பீரங்கி வந்த பிறகு கோட்டைக்கு உயரத்தைவிடத் தடிமன்தான் முக்கியமானது. உயரமான மெல்லிய கல் சுவரைக் குண்டு சிதற அடித்துவிடும், சிதறும் கல் சில்லே உள்ளே நிற்பவனைக் கொன்றுவிடும். தாழ்ந்த, தடித்த, பின்னால் மண் அணைத்த சுவர் குண்டை வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

இங்கே வெட்டுக்கல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மதில் அதுதான். இதற்கு ஆங்கிலத்தில் லேட்டரைட் என்று பெயர் வந்ததே மலப்புறம் பக்கத்து அங்காடிப்புறத்தில். 1800-01இல் இந்தப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மண்ணுக்குள்ளிருந்து கட்டியாக வெட்டி எடுத்து வீடு கட்டுவதைப் பார்த்து, 1807இல் வெளியான தன் நூலில் லத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தார். அங்கே இன்றும் அதற்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அவர் வியந்தது எதைப் பார்த்து என்றால், தரைக்குள் இருக்கும்வரை கோடாலியால் வெட்டலாம், அவ்வளவு மெது. வெட்டி வெளியே அடுக்கி வெயிலும் காற்றும் பட்டால், ஈரம் போய், அதிலுள்ள இரும்பு இறுகி, மாதக்கணக்கில் கெட்டியாகிக்கொண்டே போகும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். மேலே உள்ள ஓடு ரொம்பக் கரடு, அடியில் போனால் வெறும் களிமண், நடுப்படைதான் கட்டுவதற்கு ஏற்ற கல். வெட்டின அன்றே கட்டிவிடாமல் ஒரு மழைக்காலம் வெளியே போட்டு வை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மோசமான கல் அந்த மழையிலேயே கரைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டுக்கல் பலமில்லாதது, கருங்கல்தான் பலம் என்று சொல்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இந்தியத் தரக் குறிப்பின்படி கட்டுமானத்துக்கு எடுக்கும் வெட்டுக்கல் சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 3.5 நியூட்டன் தாங்க வேண்டும். அதாவது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 350 டன். நல்ல கருங்கல் 100 நியூட்டனுக்கு மேல் தாங்கும், கிட்டத்தட்ட முப்பது மடங்கு. பெரிய வித்தியாசம்தான். ஆனால் 8 மீட்டர் உயரமுள்ள வெட்டுக்கல் சுவரின் அடிக்கல்லில் விழும் எடை எவ்வளவு? கன மீட்டருக்கு 2 டன் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 16 டன். மூட்டுகளால் சுவரின் பலம் தனிக்கல்லைவிடக் குறையும், அப்படியும் தாங்க வேண்டியதைவிடப் பல மடங்கு கையிருப்பு இருக்கிறது. ஆக எந்தக் கோட்டைச் சுவரும் தன் எடை தாங்காமல் நசுங்கி விழுவதில்லை. விழுவதெல்லாம் பக்கவாட்டில்தான். உள்ளே தண்ணீர் இறங்கி, நிரப்பு மண் ஊறி, எடை கூடி, வெளி முகத்தைத் தள்ளும், அப்போதுதான் சுவர் வயிறு தள்ளும். அல்லது மூட்டில் ஒரு அரசங்கன்று முளைத்து வேர் விடும். பழைய சுவருக்கு எதிரி தண்ணீரும் வேரும்தான், பீரங்கிகூட அதற்கு அப்புறம்.

இனி மண். நம் ஊரில் தோட்டத்துக்குக் கையாலை என்று மண்சுவர் வைப்பார்களே, அதே வேலைதான் பெரிய அளவில். மண்ணைக் குழைத்து, வைக்கோல் சேர்த்து, மிதித்து, புளிக்க விட்டு, ஒரு படை வைத்துக் காயவிட்டு, அடுத்த படை. புற்றுமண் கிடைத்தால் அதற்குத் தனி மரியாதை, அவ்வளவு நைஸான களி. புதுக்கோட்டைப் பக்கம் பொற்பனைக்கோட்டையில் தொல்லியல் ஆட்கள் தோண்டினார்கள், அங்கே சங்க காலத்துக் கோட்டையின் மண்மேடும் அகழியும் செங்கல் கட்டுமானமும் இன்னும் தெரிகின்றன.

மண்ணால் என்ன செய்ய முடியும் என்பதற்கு என் மனதில் முதலில் நிற்பது நெடுங்கோட்டை. திருவிதாங்கூரின் வடக்கு எல்லையில், மேற்கே கொடுங்கல்லூர்ப் பக்கம் கிருஷ்ணன்கோட்டையில் தொடங்கி, சாலக்குடி வழியாக ஆனைமலை வரை, சுமார் 50 கிலோமீட்டர். கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், இதுவும் டிலனாயின் யோசனை. பெரும்பகுதி மண்ணும் களிமண்ணும், முக்கியமான இடங்களில் மட்டும் வெட்டுக்கல்லும் கருங்கல்லும். முன்னால் ஆழமான அகழி, கரையில் நெருக்கமாக முள்மூங்கில். 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தான் நேராக வந்து மோதியபோது அந்தப் படையைத் திருப்பி அனுப்பிய சுவர் இது. பிறகு பெரிய பீரங்கிகளை வரவழைத்து அடித்து 1790 ஏப்ரலில்தான் உடைத்து உள்ளே வர முடிந்தது.

வள்ளுவர் அரணைப் பற்றிச் சொல்லும் இடத்தில் "மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்" என்கிறார். நெடுங்கோட்டையை இந்தக் குறளோடு வைத்துப் பாருங்கள். மேற்கே காயல், கிழக்கே ஆனைமலை, நடுவில் மண், மேலே மூங்கில் காடு. நீர், மண், மலை, காடு, நான்கும் வரிசையாக வந்துவிடுகிறது! காவற்காட்டுக்கு மிளை என்று நம் பழைய பாட்டுகளில் தனிச்சொல்லே உண்டு. கட்டுமானப் பொருள் என்றால் கல்லும் சாந்தும் மட்டும் என்று நாம் நினைக்கிறோம், அவர்கள் முள்ளையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். இன்று நெடுங்கோட்டையில் பார்க்க அதிகம் இல்லை, மண் மண்ணோடு போய்விட்டது, கோட்டமுறி என்பது போல ஊர்ப் பெயர்கள்தான் மிச்சம்.

இப்போது சாந்துக்கு வருவோம், முட்டைக்கும். நம் கரையில் சுண்ணாம்புக்கு மூலம் சிப்பியும், கக்கா என்கிற மட்டியும். கடலோரத்திலும் காயலிலும் அள்ளி, காளவாயில், அதாவது சூளையில், அடுக்கிச் சுடுவார்கள். 900 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறி, எரிசுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொரிந்து நீறாகும். அந்த நீற்றைக் குழியில் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்து, மணலோடு சேர்த்து, வட்டப் பள்ளத்தில் மாடு கட்டி அரைத்தால் சாந்து. கட்டின பிறகு அது காற்றிலிருந்து கரியமிலவாயுவை மறுபடி வாங்கி மெல்ல மெல்லக் கல்லாக மாறும். சிப்பி சுண்ணாம்பாகி, சுண்ணாம்பு மறுபடி சிப்பிப் பொருளாகவே ஆகிவிடுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அதிசயம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. காற்று படும் இடத்தில்தான் இது இறுகும். பத்தடித் தடிமன் சுவரின் நடுவுக்குக் காற்று எப்போது போகும்? அதற்குத்தான் சுர்க்கி, அதாவது செங்கல் பொடி. சுட்ட களிமண் பொடி சுண்ணாம்போடு தண்ணீருக்குள்ளேயே சேர்ந்து இறுகிவிடும், காற்று வேண்டாம். இதை நம்பமாட்டேன் என்பவர்கள் முல்லைப்பெரியாறு அணையை நினைத்துக்கொள்ளுங்கள், 1895இல் முடிந்தது, சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் அதன் சாந்து.

கருப்பட்டி கலந்தது உண்மை. கருப்பட்டி அல்லது வெல்லமும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீரைச் சாந்தில் விடுவது நம் கொத்தனார்களின் பழைய பழக்கம், இன்றும் பழைய கட்டிடங்களைச் சீர்செய்யும்போது செய்கிறோம். சர்க்கரை இருந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும், சாந்து வழவழப்பாக வரும், சீக்கிரம் காய்ந்து வெடிக்காது. அளவு மீறினால் இறுகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அதையும் பார்த்திருக்கிறேன்.

முட்டை? பூச்சு வேலைக்கு உண்டு. கண்ணாடி மாதிரி மினுங்கும் சுவர், தரை இதற்கெல்லாம் முட்டை வெள்ளையைச் சேர்ப்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் கறுப்பாக மினுங்கும் தரைக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை என்றுதான் சொல்லிவருகிறார்கள். ஆனால் கோட்டைச் சுவருக்கு? 90 ஏக்கரைச் சுற்றிச் சுவர் எழுப்ப, சரியான வட்டமாகப் போட்டால்கூட 2 கிலோமீட்டருக்கு மேல் வரும். 18 அடி உயரம், 12 அடித் தடிமன் என்று வைத்தாலே ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 கன மீட்டர் கட்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு சாந்து என்றாலும் 4 கன மீட்டர், அதை 2,000 மடங்கு ஆக்குங்கள். அவ்வளவு சாந்துக்கு முட்டை சேர்க்க எந்த ராஜாவாலும் முடியாது, தேவையும் இல்லை. அந்தச் சுவர் நிற்பது அதன் தடிமனாலும் சாய்வாலும் தண்ணீர் தேங்காமல் வடிவதாலும். முட்டைக்குப் பெயரைக் கொடுத்தால், வெயிலில் நின்று குறுக்குக்கல் வைத்தவனின் கைவேலை மறந்துபோகும். அதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் மதிலுக்கு வருகிறேன். சிமெண்ட் பூசாதீர்கள், தம்பி. இதைக் கெஞ்சியே சொல்கிறேன். சில வருஷம் முன்பு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய வெட்டுக்கல் மதிலை அழகுபடுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசி வெள்ளையும் அடித்தார்கள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வெட்டுக்கல் தண்ணீரைக் குடித்து வெளியே விடும் கல். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழி விடும், சிமெண்ட் விடாது. மேலிருந்தும் தரையிலிருந்தும் ஏறிய ஈரம் உள்ளேயே அடைபட்டு, மூன்றாவது மழைக்குப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பெயர்ந்தபோது கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே கல் மாவாக இருந்தது, விரலால் கிள்ளலாம். நூறு வருஷம் நின்ற மதில் அது, என் கண் முன்னால் போயிற்று.

செய்ய வேண்டியது இது. வயிறு தள்ளிய பகுதியை மட்டும் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பிரியுங்கள், கல்லுக்குச் சாக்பீஸால் எண் போட்டு வையுங்கள். மதிலுக்குப் பின்னால் மண் ஏறியிருந்தால், நம் மாவட்டத்தில் அனேகமாக ஏறியிருக்கும், அதை இறக்குங்கள். அதுதான் தள்ளுகிறது. இறக்க முடியாவிட்டால் பின்னால் சல்லி நிரப்பி, அடியில் தண்ணீர் வெளியேற நான்கைந்து அடிக்கு ஒரு துளை விடுங்கள். மூட்டில் ஆலோ அரசோ இருந்தால் பிடுங்கி இழுக்காதீர்கள், கல்லோடு வரும். வெட்டிவிட்டு, வேர் பட்டுப்போன பிறகு அந்தப் பகுதியைப் பிரித்து எடுங்கள். திருப்பிக் கட்டும்போது ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல். கல்லை நன்றாக நனைத்துவிட்டு வையுங்கள், காய்ந்த வெட்டுக்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். இரண்டு மூன்று அடிக்கு ஒரு குறுக்குக்கல் மறக்க வேண்டாம். மேலே தண்ணீர் உள்ளே இறங்காதபடி சாய்வாக ஒரு சுண்ணாம்புத் தொப்பி.

அப்புறம், வேலையைத் தை, மாசியில் வையுங்கள். இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது, வேறு மாதத்தில் சுண்ணாம்புக்கு இறுக நேரம் கிடைக்காது. கட்டி முடித்த பிறகு இரண்டு வாரம் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள், வெயில் நேராகப் பட வேண்டாம். சுண்ணாம்பை இப்போதே வாங்கி ஊறப்போட்டுவிடுங்கள், தை வரும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும்.